மயிலாப்பூரில் ஓர் ஆறாப்புக் கணக்கு

எங்கள் ஊரில் மெட்ராஸ் போய் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் ஏதோ கடல் கடந்து போய் வந்த மாதிரிதான் கதை சொல்வார்கள். அங்கே தண்ணீரை விலைக்கு விற்கிறான், அங்கே காக்காய்க்குக்கூட அவசரம், அங்கே யாரும் யாரையும் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதில்லை. பெயரைச் சென்னை என்று மாற்றி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு ஜூன் மாதத்தில் நானும் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மாரிக்கனிக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம் பிடிக்க.

நான் அப்போது கரிசல் காட்டில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. பதவியின் பெயர்தான் பெரிது. எட்டு வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர்கள். இரண்டு பேர் கீழ் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஒரே கூடத்தில் என் தலையில். காலியிடத்துக்கு ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எட்டோடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். அதனால் எட்டு முடித்த பெண்பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். ஆபீஸ் என்றதும் நாற்காலி, மேஜை, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். கட்டையில் தீக்குச்சி அடுக்கும் இடம். விடியும் முன்பே அதன் வண்டி ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும்.

மாரிக்கனி எட்டாம் வகுப்பில் முதலாவது. மயிலாப்பூர்ப் பக்கம் கன்னியர் மடத்தார் நடத்தும் தமிழ் மீடியம் பள்ளி ஒன்றில் கிராமத்துப் பெண்களுக்கு விடுதியோடு இலவசமாக இடம் தருகிறார்கள் என்று என் பழைய தோழி ரெஜினா சொல்லியிருந்தாள். மாரிக்கனியின் அப்பா அதிகம் பேசாத மனுஷர். "நீங்களே கூட்டிட்டுப் போங்க டீச்சர். எடம் கெடச்சாப் படிக்கட்டும். கெடைக்கலைன்னா திங்கக்கெழம வண்டியில ஏறட்டும்" என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, கறார் மட்டும் இருந்தது. 

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போவணும்?"

"மந்தைவெளி."

"குந்து. இன்னாமா இது, இம்மாம் பெரிய மூட்ட?"

"காராச்சேவு."

"அல்லாம் சேவா? கட கிட வெக்கப் போறியா இன்னா?"

ரெஜினாவுக்காக நானும், சிஸ்டர்களுக்காக மாரிக்கனியின் அம்மாவும் தனித்தனியே வாங்கியதில் மூட்டை அப்படிப் பெருத்துவிட்டது. தேனாம்பேட்டை சிக்னலில் நின்ற ஆட்டோ மறுபடி கிளம்ப மறுத்தது. பின்னால் இருந்த லாரி முதற்கொண்டு அத்தனை பேரும் எங்களைத் திட்டுகிற மாதிரி ஆரன் அடித்தார்கள். ஆட்டோக்காரர் அசரவில்லை. "கோச்சுக்காதம்மா, எறங்கி ஒரு தள்ளு தள்ளு. அதுக்கு மூடு சரியில்ல" என்றார். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில், தலைமையாசிரியை ஆகிய நான், அண்ணா சாலையில் ஆட்டோ தள்ளினேன். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து உம்மென்று வந்த மாரிக்கனி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

ரெஜினாவும் நானும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் குடும்பம் சாந்தோம் தேவாலயத்தைச் சேர்ந்த பங்கில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. இப்போது அவள் மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு மந்தைவெளியில் மாடியில் குடியிருந்தாள். அவள் தெருமுனையில் இருந்த கறுப்புத் தொட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. லாரித் தண்ணீருக்காம். குடத்து வரிசையைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நம்ம ஊர்தான் இதுவும்.

பகலில் ரெஜினா சங்கரா மீன் குழம்பு வைத்தாள். எங்கள் பக்கம் மீன் என்றால் கண்மாய்க் கெண்டைதான், அதுவும் கண்மாயில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில். மாரிக்கனி முள்ளை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் அழகாக அடுக்கினாள். தீக்குச்சி அடுக்குகிற மாதிரி இருந்தது. நான் தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

சாயங்காலம் மூவரும் நடந்து மயிலாப்பூர் போனோம். கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயிலுக்காக எழுப்பிய தூண்கள் வரிசையாக நின்றன. "ரயிலு மேலயா போகும்? விழுந்துறாதா டீச்சர்?" என்று கேட்ட மாரிக்கனி, நான் பதில் சொல்லும் முன்பே "விழாது, அளந்துதான கட்டுவாக" என்று தானே சொல்லிக்கொண்டாள். மாட வீதியில் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தோம்.

பக்கத்து மேஜையில் இரண்டு மாமிகள். "எங்காத்துல மூணு நாளா தண்ணி லாரியே வரலை, அதான் சமைக்காம இங்க வந்துட்டோம்னு அவரண்ட சொல்லிண்டிருந்தேன். அதுக்கு அவர், லாரி வராட்டாத்தான் உனக்குக் கொண்டாட்டம்ங்கறார்" என்று ஒருவர் சொல்ல, இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். அதற்குள் எங்களுக்கு நெய் ரோஸ்ட் வந்தது. மேஜையின் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாரிக்கனி அதை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சரிபாதியாகப் பிய்த்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, முறையாகத் தின்று முடித்தாள். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். காபி மட்டும் சொர்க்கம். எங்கள் ஊர் டீக்கடைக்காரரைக் கூட்டி வந்து ஒரு வாய் குடிக்க வைத்தால் மனுஷர் கடையை மூடிவிடுவார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனோம். கடல் அங்கிருந்து தெரியவில்லை, காற்றில் உப்பு மட்டும் தெரிந்தது. பெரிய வேப்பமரம், அதற்குப் பின்னால் நீளமான வராந்தா. ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு பலகை, ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் ஓர் ஆசிரியை. ஆறாம் வகுப்புக்கு மட்டும் இரண்டு பிரிவு, இரண்டு அறை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கம் என்ன.

தலைமை சிஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அறையில் எங்களுக்கு முன்பே ஓர் அம்மா ஆறாம் வகுப்பில் சேர்க்கத் தன் சின்னப் பெண்ணோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாரிக்கனியை அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். காராச்சேவுப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு சிஸ்டர் தன்மையாகத்தான் ஆரம்பித்தார்.

"பயப்படாதம்மா. சின்னக் கேள்விதான் கேக்கப்போறேன். முக்காலையும் அரையையும் கூட்டினா எவ்வளவு?"

மாரிக்கனி பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, வேற கேக்கறேன். செடி தனக்கு வேண்டிய சாப்பாட்டை எப்படித் தயாரிக்குது?"

மாரிக்கனி மறுபடி அந்தச் சின்னப் பெண்ணையே பார்த்தாள். தலையை லேசாக ஆட்டி, கண்ணால் ஏதோ ஜாடை வேறு. அந்தக் குழந்தை மிரண்டுபோய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. "மாரிக்கனி, சொல்லு" என்றேன் நான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை. 'பொறுங்க டீச்சர்' என்பது போல் இருந்தது. எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

சிஸ்டர் பேனாவை மூடினார். "ஒன்பதாவதுல ஒரே ஒரு இடந்தாங்க இருக்கு. இதுகூடச் சொல்லலன்னா, இங்க வந்து பிள்ளைதான் கஷ்டப்படும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எட்டு வருஷம் என்னதாங்க சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார்.

அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் அதிகமாக வலித்தது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ரெஜினா சொன்ன ஒரு சாமானுக்காகத் தியாகராய நகருக்குப் போக வேண்டியிருந்தது. வாங்கினேன். என்ன வாங்கினேன் என்று இப்போது நினைவில்லை. ரங்கநாதன் தெருவில் நாங்கள் நடக்கவில்லை, கூட்டம் எங்களை நடத்திக்கொண்டு போனது. எங்கள் ஊர்ப் பொங்கல் திருவிழாக் கூட்டத்தைப் போல நாலு பங்கு, அதுவும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில். நான் மாரிக்கனியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை வண்டியின் ஆரன் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

பனகல் பார்க் பக்கம் பஸ் வந்தது. எங்கள் ஊரில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். இங்கே அவர் இடத்தைவிட்டு அசைய மாட்டார், காசுதான் கை மாறிக் கை மாறி அவரைத் தேடிப் போகும். கோபத்தில் விறுவிறுவென்று ஏறி, காசை நீட்டி, "ரெண்டு மந்தைவெளி" என்றேன். "இன்னொருத்தர் எங்கம்மா?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். மாரிக்கனி இல்லை.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வந்த வழியே ஓடினேன். அந்த வெயிலில், அந்த நெரிசலில், எத்தனை பேர் மீது மோதினேனோ. பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஊருக்குள் எந்த முகத்தோடு போவது? அவள் அப்பாவிடம் என்ன சொல்வது? இடமாவது கிடமாவது, பிள்ளை கிடைத்தால் போதும் என்று அத்தனை சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

மாரிக்கனி விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் பூ விற்கிற அம்மா ஒருத்தர் அவளுக்குக் காவல் போல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா நீ, பொண்ண வுட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற! நானா இருந்தா ஒப்பாரி வெச்சிருப்பேன். இது அழுவவே இல்ல. 'எங்க டீச்சர் வருவாக, வருவாக'ன்னு சொல்லிக்கினே நிக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் இரண்டு முழம் பூ வாங்கி மாரிக்கனி தலையில் வைத்துவிட்டேன். பூ வைத்துக்கொண்டே, காலையிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்மா, அங்க ஏன் வாயத் தெறக்கல? உனக்கா தெரியாது?"

"தெரியும் டீச்சர். ஒன்னேகால்."

"அப்புறம்?"

"அது ஆறாப்புக் கணக்குல்லா? அந்தப் பாப்பா ஆறாப்புன்னு சொன்னாக. அது சொல்லட்டும்னு இருந்தேன். செடிக் கேள்வியும் எட்டாப்பு இல்லயே டீச்சர். பெரிய வகுப்பு முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக?"

நான் அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே கூடத்தில் மூன்று வகுப்பை வைத்து நடத்துகிறவர்களுக்கு இது புரியும். ஆறாம் வகுப்பைப் பார்த்து நான் கேள்வி கேட்டால், எட்டாம் வகுப்புக்கு அது தெரியும். அவர்கள் கத்திச் சொல்லிவிட்டால் சின்னவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். அதனால் எங்கள் கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. கீழ் வகுப்புக் கேள்வி என்றால் மேல் வகுப்பு வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும். சின்னவர்கள் திணறினால் கண்ணால் தைரியம் சொல்லலாம், அவ்வளவுதான். நான் கரும்பலகையில் எட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது ஆறையும் ஏழையும் பார்த்துக்கொள்வதும் எட்டாம் வகுப்பில் ஆளுக்கொரு வகுப்பாகப் பொறுப்பேற்ற பிள்ளைகள்தான். மாரிக்கனிக்கு ஆறாம் வகுப்பு. ஜூனிலிருந்து ஏப்ரல் வரை அவள்தான் அவர்களுக்குக் கணக்கு டீச்சர்.

பிள்ளை பயப்படக் கூடாது என்று சிஸ்டர் இரக்கப்பட்டு லேசான கேள்வியாகக் கேட்டார். கஷ்டமாக ஒன்று கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் ரெஜினாவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. "நாளைக்குப் போய் இதையே சிஸ்டர்கிட்ட சொல்லுடி சரோஜா."

"போடி. என் பள்ளிக்கூடத்து லட்சணத்தை நானே போய்ச் சொல்லவா?"

"சொல்லு. அந்தப் பொண்ணு வண்டியில ஏறறதைவிடவா அது கேவலம்?"

 விடிந்ததும் புறப்பட்டோம்.

சிஸ்டர் எங்களை மறுபடி எதிர்பார்க்கவில்லை. நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கூடம், மூன்று வகுப்பு, வராத ஆசிரியர், வாய்ப்பூட்டுச் சட்டம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, "வாங்க" என்று எங்களை ஆறாம் வகுப்பு அறைக்கே கூட்டிப் போனார். அங்கிருந்த ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, "முக்காலும் அரையும் எவ்வளவு?" என்று கேட்டார்.

பள்ளி திறந்த வாரம். பிள்ளைகள் விடுமுறைத் தூக்கத்திலிருந்து முழுசாக எழுந்திருக்கவில்லை. ஒருத்தி "நாலில் ரெண்டு" என்றாள், இன்னொருத்தி "அஞ்சு" என்றாள். மாரிக்கனி நெளிந்தாள். காலை மாற்றி மாற்றி நின்றாள். சிஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "இவுகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் கேக்கலாமா சிஸ்டர்?" என்றாள்.

"கொடு" என்று சாக்பீஸை நீட்டினார் சிஸ்டர்.

பலகையில் கையெட்டும் உயரத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டாள். "எல்லாரும் இங்கிட்டுப் பாருங்க. இது தோச. முந்தாநாளு நானே பாத்தேன், இம்புட்டுப் பெருசு. அதுல கால் தோசய ஒரு அக்கா தின்னுட்டா. மிச்சம் என்ன?" அந்தக் கரிசல் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் முதலில் கிளுகிளுவென்று சிரித்தார்கள். அவள் மேஜையில் படாரென்று ஒரு தட்டுத் தட்டினாள். அச்சு அசலாக என் தட்டு. அறை அடங்கிவிட்டது. பக்கத்தில் அரைத் தோசை ஒன்று வரைந்து, "இத ரெண்டாப் பிச்சா?" என்று கேட்டு, அதில் ஒரு துண்டை அழித்துவிட்டு முக்கால் தோசையின் ஓட்டையை அடைத்தாள். "இப்ப ஒரு முழுத் தோச ஆச்சு. மிச்சம் எம்புட்டு?"

"கால்!"

"அப்ப மொத்தம்?"

"ஒன்னேகால்!" என்று அறை முழுக்கக் கத்தியது. கைதட்டல் வேறு. மாரிக்கனி சிரிக்கவில்லை. வட்டங்களை அழித்துச் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் சிஸ்டர் பக்கம் திரும்பி, "ஒன்னேகால், சிஸ்டர்" என்றாள்.

வராந்தாவில் சிஸ்டர் என்னை மட்டும் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "இடம் கொடுத்துடறேன். விடுதியில கட்டில் இப்போதைக்கு இல்ல. பாயில படுத்துப்பாளா?"

"அவ இன்னும் கட்டில்ல படுத்ததே இல்ல, சிஸ்டர்."

அவர் சிரித்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க. உங்க பள்ளிக்கூடத்துல அந்தப் பிள்ளை படிக்கலங்க. வேலை பார்த்திருக்கா" என்றார்.

வருத்தப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 

மத்தியானம் மயிலாப்பூர்க் கடை ஒன்றில் அவளுக்கு ஒரு தகரப் பெட்டியும் இரண்டு ரிப்பனும் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் விடுதியில் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை வைக்க இடம் காட்டினார்கள், பாய் கொடுத்தார்கள். வாசல் வரை என்னோடு வந்தாள். வேப்பமரத்தடியில் விடுதிப் பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவிலும் ஓர் ஆசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க எல்லா வகுப்புக்கும் ஆள் இருக்காக டீச்சர். அப்ப நான் என்ன செய்ய?"

"நீ படிக்கணும். யார் கேள்வி கேட்டாலும், எந்த வகுப்புக் கேள்வியா இருந்தாலும், தெரிஞ்சா முந்திக்கிட்டுச் சொல்லணும்."

"முந்திக்கிட்டா?" என்று நம்பாமல் கேட்டாள்.

"முந்திக்கிட்டுத்தான்."

சரி என்று தலையாட்டினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தேன். அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

"டீச்சர், அங்க நம்ம ஆறாப்ப இனி யாரு பாத்துக்குவா?"

நான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாராவது பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.